ஃபிஜிக்கு மலிவாகப் பேசலாம். அந்தப் பெட்டி மட்டும் வீட்டுக்குள் வர வேண்டாம்

கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து, கூட்டுறவு வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற 64 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய ஒரே மகள் திருமணமாகி ஃபிஜி நாட்டின் வடக்குத் தீவான வனுவா லேவுவில், லம்பாசா என்ற ஊரில் வசிக்கிறார். மருமகன் அங்குள்ள சர்க்கரை ஆலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். வரும் ஜனவரியில் மகளுக்கு முதல் பிரசவம். வாசகரின் மனைவிக்குக் காது மந்தம் என்பதால் வாட்ஸ்அப்பில் பேசுவது சரியாகக் கேட்பதில்லை. பழகிய பட்டன் போனில்தான் அவரால் பேச முடிகிறது. அதனால் தினமும் ஐஎஸ்டி அழைப்பிலேயே பேசி வந்ததில், ஓய்வூதியத்திலிருந்து மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் இதற்கே போய்விடுகிறது.

செலவைக் குறைக்க அவர் செய்து பார்த்தவற்றையும் எழுதியிருக்கிறார். ஒரு செயலியில் '200 நிமிடங்கள்' என்று பணம் கட்டி வாங்கியது பாதியளவு பேசியதுமே தீர்ந்துவிட்டது. ஒருநாள் அதிகாலையில் 677 என்று தொடங்கும் எண்ணிலிருந்து மிஸ்டு கால் வரவே, மகளைச் சேர்த்திருக்கும் மருத்துவமனையாக இருக்குமோ என்று பதறித் திருப்பி அழைத்திருக்கிறார். யாரும் பேசாத அந்த அழைப்புக்கும் பணம் பிடிக்கப்பட்டது. இப்போது பக்கத்து ஊர் செல்போன் கடைக்காரர் ஒருவர், "உங்கள் வீட்டில் ஒரு பெட்டியை வைக்க இடம் கொடுங்கள், இணைய இணைப்பும் மின்சாரமும் இருந்தால் போதும், மாதம் 6,000 ரூபாய் வாடகை தருகிறேன், உங்கள் மகள் ஃபிஜியிலிருந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இலவசமாக உங்களை அழைக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பி வாசகர் ஆதார் நகலைக் கொடுத்து, கைரேகைக் கருவியில் விரலும் வைத்துவிட்டார். முதல் முறை பதியவில்லை என்று சொல்லி இரண்டாம் முறையும் வைக்கச் சொன்னார்களாம்.

அந்தப் பெட்டியை ஏற்கலாமா, இழந்த பணம் திரும்புமா, வாட்ஸ்அப் அழைப்பே சட்டவிரோதம் என்று நண்பர் சொல்வது உண்மையா, அமெரிக்காவுக்குப் பேசுவது மலிவாக இருக்க ஃபிஜிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கட்டணம் என்பவை அவருடைய கேள்விகள். கடைசியாக ஒன்றையும் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறார்: மகள் "இனி நானே கூப்பிடுகிறேன் அப்பா" என்கிறார், பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குச் செலவு வைப்பது முறையாகுமா என்று அவருக்கு மனம் ஒப்பவில்லை.

அன்புள்ள ஐயா,

உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுத்துக்கொள்ளாமல், அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியை எக்காரணம் கொண்டும் உங்கள் வீட்டுக்குள் அனுமதிக்காதீர்கள். ஏற்கெனவே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்றால், நீங்களாக அதைக் கழற்றவோ தூக்கிப் போடவோ வேண்டாம். மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிட்டு, ஒரு வழக்கறிஞரை உடன் அழைத்துக்கொண்டு அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

காவல்துறையினரும் தொலைத்தொடர்புத் துறையினரும் 'சிம் பாக்ஸ்' என்று சொல்வது இதைத்தான். பல சிம் கார்டுகளை ஒரே நேரத்தில் செருகி இயக்கக்கூடிய கருவி அது. வெளிநாட்டிலிருந்து வரும் ஓர் அழைப்பு, உரிமம் பெற்ற சர்வதேச நுழைவாயில் வழியாக, வெளிநாட்டு எண்ணைக் காட்டியபடி, அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தித்தான் இந்தியாவுக்குள் வர வேண்டும். சிம் பாக்ஸ் இந்த வாசலைத் தவிர்த்துவிட்டு, அழைப்பை இணையத்தின் வழியே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருக்கும் ஏதோ ஒரு சிம் கார்டிலிருந்து புறப்பட்ட உள்ளூர் அழைப்பாக மாற்றி அனுப்பிவிடுகிறது. அழைப்பைப் பெறுபவருடைய திரையில் ஒரு சாதாரண இந்தியக் கைபேசி எண் தெரியும். பத்திரிகைகளில் 'சட்டவிரோதத் தொலைபேசி இணைப்பகம்' என்று நீங்கள் படித்திருக்கும் செய்திகள் பெரும்பாலும் இதைப் பற்றியவைதான். தமிழ்நாட்டிலும் இத்தகைய பெட்டிகள் பறிமுதல் செய்யப்பட்டு ஆட்கள் கைதாகியிருக்கிறார்கள்.

உங்கள் மகளின் அழைப்பு மட்டும் அந்தப் பெட்டி வழியாக வரப்போவதில்லை. நீங்கள் அறியாத நூற்றுக்கணக்கானோரின் அழைப்புகள் உங்கள் வீட்டு முகவரியிலிருந்து கிளம்பும். காவல் அதிகாரி என்று பொய் சொல்லி, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி, ஓய்வூதியக்காரர்களின் சேமிப்பைப் பறிக்கும் வெளிநாட்டுக் கும்பல்கள் இந்திய எண்ணைக் காட்டுவதற்கு இத்தகைய பெட்டிகளைத்தான் பயன்படுத்துகின்றன. பறிகொடுத்தவர் புகார் செய்யும்போது, அந்த எண் எந்தக் கோபுரத்திலிருந்து, எந்த வீட்டிலிருந்து, யார் பெயரில் இயங்கியது என்று தேடிவரும் காவலர்கள் கடைக்காரரிடம் போக மாட்டார்கள். உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். கூட்டுறவு வங்கியில் ஒரு ரூபாய்க் கணக்குப் பிசகாமல் பணியாற்றி வந்த ஒருவருக்கு இந்த நிலை வரக் கூடாது என்ற கவலையோடுதான் இதை இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

சட்டத்தின் பார்வையைச் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, அனுமதி இல்லாமல் தொலைத்தொடர்புச் சேவை வழங்குவதையும் வலையமைப்பு நிறுவுவதையும் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றமாக வைத்திருக்கிறது. 'நான் வாடகைக்கு இடம் மட்டும்தான் கொடுத்தேன், பெட்டி என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது' என்பது எதிர்வாதமாக நிற்கக்கூடியதே. உண்மையிலேயே அறியாதவரைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கமன்று. ஆனால் அதை நிரூபித்து வெளியே வர ஆண்டுகள் ஆகலாம். மேலும், மகள் இலவசமாகப் பேசலாம் என்பதற்காகவும் மாதம் 6,000 ரூபாய் வாடகைக்காகவும் வைத்துக்கொண்டீர்கள் என்ற உண்மை உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படும். ஒரு மின்விசிறியின் இடத்தைக்கூட அடைக்காத கருவிக்கு யாரும் 6,000 ரூபாய் வாடகை தர மாட்டார்கள் என்று நீதிமன்றம் கேட்டால் நம்மிடம் நல்ல பதில் இல்லை.

நீங்கள் விரலை இரண்டு முறை வைத்தது பற்றி எனக்கு இன்னும் கூடுதலான கவலை. முதல் ரேகை பதியவில்லை என்று சொல்லி, உண்மையில் இரண்டையும் பதிவு செய்து, ஒருவர் பெயரில் இரண்டு சிம் கார்டுகளை எடுத்து ஒன்றைத் தாங்களே வைத்துக்கொள்வது இத்தகைய கும்பல்கள் வழக்கமாகச் செய்யும் வேலை. மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் உங்கள் கைபேசி எண்ணையும் அதற்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கொடுத்தால், உங்கள் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளும் பட்டியலாக வரும். உங்களுடையது அல்லாத எண் இருந்தால் 'இது என் எண் அன்று' என்று அங்கேயே தெரிவிக்கலாம். அந்தப் பதிவின் குறிப்பு எண்ணை எழுதிவைத்துக்கொண்டு, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பின்னாளில் யாராவது உங்கள் பெயரைச் சொல்லி வந்தால், நீங்கள் முன்கூட்டியே தெரிவித்தவர் என்பதற்கு அந்த ரசீதைப் போலச் சாட்சி வேறில்லை. ஆதார் செயலியில் கைரேகைப் பயன்பாட்டைப் பூட்டிவைக்கும் வசதியையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம்.

தொலைவைப் பொறுத்ததன்று கட்டணம்

ஃபிஜி தொலைவில் இருப்பதால்தான் கட்டணம் அதிகம் என்று நீங்கள் நினைப்பது இயல்பு. ஆனால் சென்னையிலிருந்து ஃபிஜி ஏறத்தாழ 11,300 கிலோமீட்டர். நியூயார்க் அதைவிடவும் தொலைவு. பக்கத்திலிருக்கும் மாலத்தீவுக்குப் பேசுவது அமெரிக்காவுக்குப் பேசுவதைவிடப் பன்மடங்கு செலவாகும் என்பதையும் எந்தக் கட்டணப் பட்டியலிலும் பார்க்கலாம். குரல் கடலடிக் கம்பியில் பயணம் செய்வதற்கான செலவு இன்று மிகச் சொற்பம். கட்டணத்தைத் தீர்மானிப்பது, அழைப்பு போய்ச் சேரும் நாட்டின் நிறுவனம் தன் வாடிக்கையாளரிடம் அந்த அழைப்பைச் சேர்ப்பதற்காக நிமிடத்துக்கு எவ்வளவு வசூலிக்கிறது என்பதுதான். இதை முடிப்புக் கட்டணம் என்பார்கள்.

ஏறத்தாழ 9 லட்சம் மக்கள், 300க்கும் மேற்பட்ட தீவுகளில் நூற்றுச் சொச்சத்தில் பரவி வாழும் நாடு ஃபிஜி. அங்கே கோபுரம் அமைப்பதும் பராமரிப்பதும் பெருஞ்செலவு, வாடிக்கையாளரோ குறைவு. சர்வதேச அழைப்புகள் 2008 வரை அங்கே ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருந்தன. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகள் சிறு தீவு நாடுகளுக்கு அந்நியச் செலாவணி தரும் வருவாயாகவே நெடுங்காலம் இருந்து வந்திருக்கின்றன; பசிபிக்கில் இன்னொரு சிறு நாடான துவாலு, 1990களில் தன் நாட்டுக் குறியீட்டு எண்ணையே வெளிநாட்டு அரட்டைச் சேவைகளுக்கு வாடகைக்கு விட்டுப் பணம் ஈட்டியது. நம் நாட்டிலும் 2002 மார்ச் முடியும் வரை வெளிநாட்டு அழைப்பு ஒரே நிறுவனத்தின் ஏகபோகமாக இருந்ததும், எஸ்டிடி பூத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்தபடியே நாம் பேசியதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இதிலிருந்து உங்களுக்குப் பயன்படும் முடிவு ஒன்று கிடைக்கிறது. இந்தியாவுக்குள் வரும் வெளிநாட்டு அழைப்புக்கு நம் நிறுவனங்கள் வசூலிக்கும் முடிப்புக் கட்டணம் நிமிடத்துக்கு 35 முதல் 65 காசுகளுக்குள் இருக்க வேண்டும் என்று 2020இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் வரையறுத்தது. ஆகவே ஃபிஜியிலிருந்து இந்தியாவுக்கு அழைக்கும்போது மறுமுனையில் கொடுக்க வேண்டியது ஒரு ரூபாய்கூட இல்லை. இந்தியாவிலிருந்து ஃபிஜிக்கு அழைக்கும்போது கொடுக்க வேண்டியது அதைப்போல் பல மடங்கு. ஒரே இரண்டு பேர், ஒரே பேச்சு. யார் முதலில் எண்ணை அழுத்துகிறார் என்பதைப் பொறுத்துச் செலவு மாறிவிடுகிறது. உங்கள் மகள் "நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்வதில் பாசத்தோடு நல்ல கணக்கும் இருக்கிறது.

வாட்ஸ்அப் பற்றி நண்பர் சொன்னது

உங்கள் நண்பர் வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவராக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்பு தடுக்கப்பட்டிருப்பது உண்மை. இந்தியாவில் அப்படித் தடை எதுவும் இல்லை. செயலியிலிருந்து செயலிக்குப் பேசுவது இங்கே முழுக்கவும் சட்டத்துக்கு உட்பட்டது. செயலியிலிருந்து வெளிநாட்டிலுள்ள சாதாரணத் தொலைபேசி எண்ணுக்கு இணையம் வழியாகப் பேசுவதும் 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதிக்கப்பட்டதே. வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக வேடம் மாற்றி உள்ளே விடுவதுதான் குற்றம். இதைச் சோதிக்க எளிய வழியும் உண்டு: மகள் ஏதாவது மலிவுச் செயலியில் உங்களை அழைக்கும்போது உங்கள் திரையில் ஃபிஜியின் குறியீடான 679 என்று தொடங்கும் எண்ணுக்குப் பதிலாக முகம் தெரியாத இந்தியக் கைபேசி எண் வந்தால், அந்தச் செயலி கள்ள வழியைப் பயன்படுத்துகிறது என்று கொள்ளலாம். அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடச் சொல்லுங்கள். அத்தகைய அழைப்புகளைச் சஞ்சார் சாத்தியிலும் தெரிவிக்கலாம்.

அம்மாவுக்குக் காது கேட்கவில்லை என்பதுதான் உங்கள் வீட்டில் உண்மையான தடை, வாட்ஸ்அப் தடையன்று. கைபேசியைக் காதில் ஒட்டிப் பிடிப்பதற்குப் பதிலாக ஒரு சிறிய ஒலிபெருக்கியுடன் இணைத்து மேசைமேல் வைத்தாலோ, இரண்டு காதையும் மூடும் கம்பி ஹெட்செட் ஒன்றை வாங்கிக் கொடுத்தாலோ பெருமளவு வித்தியாசம் தெரியும். காணொளியாகப் பேசினால் மகளின் உதட்டசைவைப் பார்த்தே பாதி புரிந்துவிடும். கேள்வித்திறன் குறைந்தவர்களுக்கு இது பெரிய துணை. குரல் அழைப்புக்கு நிமிடத்துக்குச் சுமார் அரை எம்பி தரவுதான் செலவாகும் என்பதால், தினசரி 1.5 ஜிபி தரும் சாதாரண ரீசார்ஜிலேயே நீங்கள் விரும்பும் அளவு பேசலாம். இதற்காக அம்மாவின் பட்டன் போனைப் பறித்துவிட வேண்டியதில்லை. பேசுவதற்கென்று வீட்டில் ஒரு பழைய ஸ்மார்ட்போனை ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள். காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை பரிசோதிப்பதையும் இந்தச் செலவுக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்டிக்கு இரண்டு மூன்று மாதம் செலவழிக்கும் தொகை, மகளோடு மட்டுமின்றி உங்களோடும் அம்மா சரளமாகப் பேசுவதற்குப் பயன்பட்டுவிடும்.

ஐஎஸ்டி முழுவதுமாக வேண்டாமா?

வேண்டும், ஆனால் அன்றாடப் பேச்சுக்கு வேண்டாம், அவசரத்துக்கு வேண்டும். உங்கள் மகளின் பிரசவம் ஜனவரியில். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். 2020 டிசம்பரில் 'யாசா' என்ற ஐந்தாம் வகைப் புயல் கரையைக் கடந்தது உங்கள் மகள் இருக்கும் வனுவா லேவு தீவில்தான். அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அங்குள்ளவர்கள் புயலோடு வாழப் பழகியவர்கள். ஆனால் மின்சாரமும் இணையமும் இல்லாத ஓரிரு நாட்களில் வாட்ஸ்அப்பை நம்பி உட்கார்ந்திருந்தால் உங்களுக்குத் தவிப்புதான் மிஞ்சும். ஆகவே உங்கள் எண்களில் ஒன்றில் ஐஎஸ்டி வசதி இயங்குகிறதா என்று இப்போதே உறுதி செய்துகொண்டு, அவசரத்துக்குப் போதுமான தொகையை அதில் எப்போதும் வைத்திருங்கள். மருமகனின் எண், அவருடைய அலுவலகத் தொலைபேசி, பிரசவம் பார்க்கும் மருத்துவமனையின் எண், பக்கத்து வீட்டார் ஒருவரின் எண் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஃபிஜி எண்கள் அனைத்தும் ஏழு இலக்கம். ஊர்க் குறியீடு கிடையாது. 00 679 போட்டு நேரே அந்த ஏழு இலக்கத்தை அழுத்தினால் போதும். தலைநகர் சுவாவில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. அதன் தொலைபேசி எண்ணையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். புயல் நேரத்தில் கோபுரங்களுக்கு நெருக்கடி அதிகம் என்பதால், திரும்பத் திரும்ப அழைப்பதைவிட ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருப்பது பலன் தரும்.

ஐஎஸ்டி 'பேக்' வாங்குவதானால், விளம்பரத்தில் உள்ள எண்ணைப் பார்க்காமல் நாட்டுப் பட்டியலைப் பாருங்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், சிங்கப்பூர் முதலிய நாடுகள் பட்டியலில் இருக்கும். ஃபிஜி பெரும்பாலும் இருக்காது. பட்டியலில் இல்லாத நாட்டுக்கு அழைத்தால் பேக் இருந்தும் முழுக் கட்டணமே பிடிக்கப்படும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, மாதம் 3,000 ரூபாய் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றியது. வாடிக்கையாளர் சேவையை அழைத்து, 'ஃபிஜி கைபேசிக்கு நிமிடத்துக்கு எவ்வளவு, தரைவழி எண்ணுக்கு எவ்வளவு' என்று இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்; இவை வேறுபடுவதுண்டு.

இழந்த பணம்

செயலியில் வாங்கிய '200 நிமிடங்கள்' எப்படிக் கரைந்தது என்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் இருக்கும்: ஒரு நிமிடம் ஐந்து நொடி பேசினால் இரண்டு நிமிடமாகக் கணக்கிடுவது, இணைப்பு கிடைத்ததற்கென்று தனித் தொகை பிடிப்பது, பயன்படுத்தாத நாட்களுக்குப் பராமரிப்புக் கட்டணம் என்று கழிப்பது. இவை வாங்கும்போது தெளிவாகச் சொல்லப்படவில்லை என்றால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது தவறான விளம்பரமும் நியாயமற்ற வணிக நடைமுறையுமாகும். விளம்பரத்தின் படம், பணம் செலுத்திய சான்று, அழைப்புப் பட்டியல் மூன்றையும் எடுத்துவைத்து, முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரவும் உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம், 5 லட்ச ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமும் இல்லை. ஆயினும் நீங்கள் இழந்தது சில நூறு ரூபாய். அதற்கு இந்த வயதில் ஆணையத்தின் படியேறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1915 வரை போங்கள், அதோடு நிறுத்துங்கள். இனி எந்தச் செயலியில் பணம் போட்டாலும் மிகக் குறைந்த தொகையைப் போட்டு, ஓர் அழைப்பு பேசி, எவ்வளவு கழிந்தது என்று பார்த்த பிறகே மேற்கொண்டு போடுங்கள். தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் வசதியை அணைத்துவிடுங்கள். யாராவது 'ஸ்கைப் ரீசார்ஜ்' என்று விற்க வந்தால் வாங்க வேண்டாம். அந்தச் சேவை 2025 மே 5ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

மிஸ்டு கால் விஷயத்தில் என் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். 677 ஃபிஜியின் எண்ணே அன்று; அது சாலமன் தீவுகளின் குறியீடு. இத்தகைய தீவு நாடுகளின் குறியீட்டில் தொடங்கும் எண்களிலிருந்து ஒரே ஒரு முறை மணியடித்து வைத்துவிட்டு, திருப்பி அழைப்பவரிடமிருந்து கிடைக்கும் உயர்ந்த கட்டணத்தில் பங்கு பெறுவது உலகம் முழுவதும் நடக்கும் மோசடி. எண்ணை அழுத்தியது நீங்களே என்பதால், உங்கள் தொலைபேசி நிறுவனத்தின்மீது குற்றம் சுமத்துவது கடினம். இருந்தாலும் கட்டணமில்லா எண்ணான 198இல் புகார் பதிவு செய்து, புகார் எண்ணைப் பெறுங்கள். நல்லெண்ணத்தின் பேரில் நிறுவனங்கள் திருப்பித் தருவதும் உண்டு. பதிலில் நிறைவில்லை என்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ட்ராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை, அதனால் அங்கே எழுதிப் பயனில்லை. தொலைபேசி நிறுவனங்களுக்கு எதிராக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவே முடியாது என்று முன்பு சொல்லப்பட்டுவந்தது. உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் அதை மறுத்து, போகலாம் என்று தெளிவாக்கிவிட்டது. பெரிய தொகையில் தவறான பில் வந்தால் அந்த உரிமையை நினைவில் வையுங்கள்.

மகள் செலவு செய்யலாமா

நீங்கள் கடைசியாகக் கேட்டது சட்டக் கேள்வி அன்று என்றாலும், மற்றவற்றுக்கெல்லாம் வேர் அதுதான் என்று நினைக்கிறேன். மகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற எண்ணம்தான் உங்களை அதிகக் கட்டணமுள்ள திசையிலிருந்தே அழைக்க வைத்தது. அந்தச் செலவின் பாரம்தான் கடைக்காரரின் பேச்சை நம்ப வைத்தது. பெற்றவர்கள் அழைத்தால்தான் முறை என்ற எண்ணத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்த மரியாதையில் வளர்ந்தவர்கள்தாம் நாமெல்லாம். ஆனால் உங்கள் மகள் இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். முதல் பிரசவம், தாய் பக்கத்தில் இல்லை, இடையில் கடல். அவருக்குத் தேவைப்படுவது மாதக் கடைசியில் பணம் தீர்ந்துவிடுமோ என்று பாதியில் வைக்கப்படாத பேச்சு. அவர் அழைத்தால் உங்களுக்கு ஆகும் செலவைவிட மிகக் குறைந்த செலவில் அதே பேச்சு நடக்கும் என்ற கணக்கை மருமகனிடமும் சொல்லலாம். கணக்குப் பிரிவில் இருப்பவர், உடனே புரிந்துகொள்வார். அங்குள்ள நிறுவனங்களிடம் இந்தியாவும் அடங்கிய சர்வதேசப் பேக் இருக்கிறதா என்று அவர்கள் விசாரிக்கட்டும். அந்த நாட்டில் 1879 முதல் 1916 வரை கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்களும் அவர்களில் உண்டு. அதனால் இந்தியாவுக்குப் பேசுவது அங்கே அரிதான தேவை அன்று.

உங்கள் மனம் இன்னும் ஒப்பவில்லை என்றால், மிச்சமாகும் ஐஎஸ்டிப் பணத்தை மாதந்தோறும் பேரக்குழந்தையின் பெயரில் எடுத்துவையுங்கள். கொடுக்கும் கை உங்களுடையதாகவே இருக்கும்.

நேரத்தையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபிஜி நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதுபோல் மாலை விளக்கேற்றிவிட்டு ஏழு மணிக்கு அழைத்தால் அங்கே நள்ளிரவு ஒன்றரை. கர்ப்பிணிப் பெண் எடுக்காமல் போவதில் வியப்பில்லை. நமக்குப் பிற்பகல் ஒன்றிலிருந்து இரண்டரை மணி வரை அவர்களுக்கு இரவு ஏழரையிலிருந்து ஒன்பது. மருமகனும் ஆலையிலிருந்து திரும்பியிருப்பார். அந்த நேரத்தை மகளோடு பேசி உறுதி செய்துகொண்டு, அம்மாவை ஒலிபெருக்கிக்கு அருகில் உட்கார வையுங்கள். சஞ்சார் சாத்தியில் உங்கள் பெயருக்கு எதிரே வந்த பட்டியலில் தெரியாத எண் ஏதேனும் இருந்தால், நகலோடு எனக்கு உடனே எழுதுங்கள். காவல் நிலையத்துக்குக் கொடுக்க வேண்டிய மனுவை நானே வரைந்து அனுப்புகிறேன்.